விருந்தாளிக்கு லைன் காட்டிய தோட்டம்

கெடா மாநிலத்தில் குருண் டவுனில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கைப்பேசிக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், உலகத்தில் எங்கே என்ன வம்பு என்று தெரிந்துகொள்ளலாம். வேலை முடிந்து கம்பெனி பஸ் பெரிய சாலையை விட்டு எங்கள் தோட்டத்துப் பாதையில் திரும்பி, செம்பனை மரங்களுக்குள் நுழைந்ததும் அது செத்துவிடும். பஸ்ஸில் பேசிக்கொண்டு வரும் பெண்கள் எல்லாரும் அந்தத் திருப்பத்தில் ஒரே நேரத்தில் "சரிலா, அப்புறம் பேசறேன்" என்று சொல்லிப் போனை வைப்பார்கள். புதிதாக வந்த டிரைவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, பேசி வைத்துக்கொண்டு செய்கிறீர்களா என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு எதற்குமே சிரிப்பு தாமதமாகத்தான் வரும். கோபம் முந்திக்கொள்ளும்.

கைப்பேசி அலையை நாங்கள் லைன் என்போம். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் குனோங் ஜெராய் மலை தெரியும். மேகம் இல்லாத காலையில் அதன் உச்சியில் நிற்கும் கோபுரங்கள்கூடத் தெரியும். கோபுரத்தைக் கண்ணால் பார்க்கலாம், லைன் மட்டும் வராது. அவை டிவி கோபுரங்கள், கைப்பேசிக் கோபுரம் டவுன் பக்கம் இருக்கிறது, அதற்கு நடுவில் ஒரு குன்று குறுக்கே நிற்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். நாடு முழுக்க வீட்டில் உட்கார்ந்தபடியே மீன் வாங்குகிறார்கள், டாக்டரிடம் பேசுகிறார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செய்தியைப் பார்க்கிறார்கள். நாங்கள் இதற்கெல்லாம் மேடு ஏறவேண்டும்.

மேடு என்றால் பழைய துரை பங்களா இருந்த மேடு. பங்களா இடிந்து போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சிமெண்டுத் தளமும் சில படிகளும்தான் மிச்சம். தோட்டத்தில் லைன் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். மாலையானால் ஊரே அங்கே இருக்கும். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை இறக்கிக்கொள்வார்கள், பெண்கள் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன்களோடு சத்தம் போட்டுப் பேசுவார்கள், மழை வந்தால் எல்லாரும் ஒரே குடைக்குள் முட்டிக்கொள்வார்கள்.

அந்த மேட்டுக்கு ஒரு மரியாதை இருந்தது. கிழக்குப் பக்கத்து மேல்படியில்தான் லைன் கொஞ்சமும் குறையாமல் நிற்கும். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அந்தப் படியை அவர்களுக்கு விட்டுவிட வேண்டும். அது மட்டுமில்லை. தோட்டத்துக்கு விருந்தாளி என்று ஒருவர் வந்துவிட்டால், தண்ணீர் கொடுத்த கையோடு, "வாங்க, மேட்டுக்குப் போயி வீட்டுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துருவோம்" என்று அழைத்துப் போவோம். பெண் பார்க்க வந்தவர்கள், கோயில் திருவிழாவுக்கு வந்த மேளக்காரர்கள், சாமான் விற்க வந்த ஆள், யாராக இருந்தாலும் இதுதான். வீட்டில் நல்ல நாற்காலி ஒன்று இருந்தால் அதை வந்தவருக்குப் போடுவோம் இல்லையா, அப்படித்தான் இதுவும். யாரும் சொல்லித் தரவில்லை, அதுவாகவே எங்களுக்குள் ஏறிவிட்டது.

மற்றவர்களுக்கு மேடு போதும். என் தங்கைக்குப் போதவில்லை.

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பினாங்கில் காது கேளாதவர்களுக்கான பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தாள். அங்கே கூடப் படித்தவரையே கட்டிக்கொண்டாள். அவருக்கும் காது கேட்காது. லங்காவியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. மாதம் ஒருமுறை ஃபெரி ஏறி, கோலா கெடாவில் இறங்கி, பஸ் மாறித் தோட்டத்துக்கு வருவார். என் வீட்டுக்காரர் காலமான பிறகு தங்கை என்னோடுதான் இருக்கிறாள். முன்னறையில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு ரவிக்கை தைக்கிறாள். பெண்டாங்கிலிருந்துகூடத் தேடி வந்து கொடுக்கிறார்கள், கழுத்து வெட்டில் அவ்வளவு சுத்தம்.

அவளுக்குப் பேச்சு கையில் இருக்கிறது. முகத்திலும் இருக்கிறது. சைகையில் அவள் பேச ஆரம்பித்தால் நான் வாயால் பேசுவதைவிட வேகமாகப் பேசுவாள், என்னைவிட அழகாகக் கேலி செய்வாள். என் பெயருக்கு அவள் வைத்திருக்கும் சைகை, மூக்கு நுனியைத் தொட்டுவிட்டு விரல் சுட்டது போல உதறுவது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறதாம். தோட்டத்தில் எல்லாரும் அந்தச் சைகையைக் கற்றுக்கொண்டு விட்டார்கள், சின்னப் பிள்ளைகள் முதற்கொண்டு.

எழுதிப் பேசலாமே என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. எழுதுவார்கள்தான். "சாப்பிட்டாச்சு. வேலை நிறைய. நீ நலமா." அரசாங்க அறிவிப்பு மாதிரி இருக்கும். அவர்கள் இரண்டு பேருடைய மொழி அது இல்லை. முகம் தெரியவேண்டும், இரண்டு கையும் தெரியவேண்டும், அப்போதுதான் பேச்சு.

மேட்டில் குரல் எப்படியாவது போய்ச் சேரும். விட்டு விட்டு வந்தாலும் கத்திக் கேட்டுவிடலாம். படம் அப்படி இல்லை. மாலை நேரத்தில் எல்லாரும் ஒன்றாக ஏறி நிற்கும்போது மேல்படியில்கூடப் படம் இழுக்கும். மாப்பிள்ளை ஏதோ சொல்ல ஆரம்பிப்பார், கை நெற்றிக்குப் போகும், அங்கேயே நின்றுவிடும். மறுபடி அசையும்போது பேச்சு முடிந்து போயிருக்கும். தங்கை கைப்பேசியைப் படியில் சாய்த்து வைத்துவிட்டு, உறைந்துபோன புருஷன் முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பாள். சுற்றிலும் ஜனம். அவள் கை என்ன சொல்கிறது என்று பாதிப் பேருக்குப் புரியும். வேடிக்கை பார்ப்பதில் எங்கள் ஆட்களுக்குக் கூச்சமே கிடையாது.

அவள் கேட்டது பெரிய விஷயம் எதுவும் இல்லை. தன் வீட்டில் உட்கார்ந்து தன் புருஷனோடு பேசவேண்டும். அவ்வளவுதான். அது நடக்காததால் மாப்பிள்ளை ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கோலா கெடாவில் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்க்கலாம், தீபாவளி கழிந்ததும் அங்கே போய்விடலாம், அங்கே லைன் நன்றாகக் கிடைக்கும் என்றார். தங்கைக்குப் போக மனமில்லை. அங்கே யார் அவளுக்கு மெதுவாக வாயசைத்துப் பேசுவார்கள்? பின்னாலிருந்து வரும்போது தோளைத் தொட்டுக் கூப்பிட யாருக்குத் தெரியும்? ஆனால் புருஷன் முகத்தைப் பார்க்காமல் எத்தனை நாள் இருக்க முடியும்? எனக்கும் அவளை விட மனமில்லை. அதை வெளியே சொல்லாமல் சட்டிபானையை உருட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான், உட்புறப் பகுதிகளுக்கெல்லாம் அரசாங்கத்தில் கோபுரம் கட்டித் தருகிறார்கள், நம் தோட்டத்தையும் பார்க்க ஆள் வருகிறார்கள் என்று கோயில் தலைவர் செய்தி கொண்டுவந்தார். தலைவர் முன்பு தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய மீசை. எனக்கு அண்ணன் முறை. தங்கமான மனிதர், ஒரு கெட்ட எண்ணம் கிடையாது. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் மட்டும் அவருக்குத் தலைகால் புரியாது.

அவர்கள் வந்த நாள் எனக்குக் காலை வேலை. விடிவதற்கு முன்னால் எழுந்து பருப்பு வடை சுட்டு, ஒரு பெரிய டப்பாவில் போட்டுத் தலைவர் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். தொழிற்சாலையில் அன்று முழுக்க எனக்கு வாய் ஓயவில்லை. எங்களுக்குக் கோபுரம் வருகிறது என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

மாலையில் இறங்கியபோது தலைவர் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார்.

"ரொம்பத் திருப்தியா போனாங்க தங்கச்சி. மேட்டுல கூடாரம் போட்டு, கோயில் நாக்காலிய கொண்டாந்து போட்டு, ஒரு கொறையும் வைக்கல. ஒன் வடைய ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்னாங்க."

"மேட்டுலயா ஒக்கார வச்சீங்க?"

"பின்ன? மேல்படியில ஒக்காந்து கருவிய வச்சுப் பாத்தாங்க. ஃபுல் லைன்! 'பாகுஸ், பாகுஸ்', நல்லா இருக்குன்னு தலைய ஆட்டிக்கிட்டாங்க. நமக்கு எவ்வளவு பெரும!"

"வீட்டுப் பக்கம் வந்து பாத்தாங்களா அண்ணே?"

"வரோம்னுதான் சொன்னாங்க. நல்ல வெயில் வேற. நான்தான், எதுக்கு அலைஞ்சுக்கிட்டு, சூடா தேத்தண்ணி இருக்குன்னு சொல்லி ஒக்கார வச்சிட்டேன்."

இது சரியில்லையே என்று எனக்கு அப்போதே பட்டது. ஆனாலும் படித்தவர்கள், வேறு கணக்கு வைத்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர்கள் வைத்திருந்தது கருவி காட்டிய கணக்குத்தான். மாதங்கள் கழித்துத் தலைவர் டவுன் அலுவலகத்தில் போய் விசாரித்தபோது, உங்கள் இடத்தில் லைன் மிக நன்றாக இருக்கிறது, இல்லாத இடங்களுக்குத்தான் முதலில் கட்டுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஊரில் ஒரே ஓர் இடத்தில் இருந்த லைனை நாங்களே நாற்காலி போட்டுக் காட்டியிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து தலைவர் இதைச் சொன்னதும் நான் கோயில் என்றுகூடப் பார்க்கவில்லை.

"லைன் இல்லேன்னு காட்டத்தானே அண்ணே அவங்கள வரச் சொன்னோம்! இருக்குற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயி வடை குடுத்துக் காட்டியிருக்கீங்களே, இத எங்க போயி சொல்றது?"

தலைவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "என்ன பேசற நீ? வந்த மனுஷன லைன் இல்லாத எடத்துல நிக்க வைக்கச் சொல்றியா? அதுக்குப் பேரு மரியாதையா?"

யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை. ஏனென்றால் அங்கே நின்ற ஒவ்வொருவரும் அதையேதான் செய்திருப்பார்கள். நான் வீட்டில் இருந்திருந்தால் வடை டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக மேடு ஏறியிருப்பேன். அது தெரிந்ததால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

தங்கை என் தோளைத் தட்டி, என்ன சண்டை என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றது. தைக்க வேண்டிய துணிகளை எல்லாம் எடுத்து, இது யாருடையது, அது யாருடையது என்று பிரித்து அடுக்க ஆரம்பித்தாள். எதற்கு என்று கேட்டேன். போவதற்கு முன்னால் எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் இல்லையா என்றாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுக்கிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள். என்னைத் திருப்பி, நாளைக்கு லீவு போடு என்றாள். எங்கே போகப் போகிறோம் என்றேன். அலுவலகத்துக்கு. நீ வாயால் பேசு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

நாளைக்குச் சனிக்கிழமை, அலுவலகம் இருக்காது என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை. கெடாவில் வெள்ளியும் சனியும்தான் அரசாங்க விடுமுறை என்பது பிறந்ததிலிருந்து தெரியும், கோபத்தில் மறந்துவிட்டது. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம்.

அலுவலகத்தில் எங்களைக் கவனித்தவர் ஒரு மலாய்ப் பெண், என்னைவிட இளையவர். அக்கா என்பதற்கு மலாயில் சொல்லும் 'கக்' என்று என்னை மரியாதையாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எங்கள் தோட்டத்தின் பெயரைத் தட்டிப் பார்த்தார். லைன் நன்றாகத்தானே இருக்கிறது கக் என்றார். நான் ஆரம்பித்தேன். எனக்கு மலாய் சரளமாக வரும், கோபத்தில் இன்னும் சரளமாக வரும். அந்தப் பெண் என் வேகத்தைப் பார்த்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

தங்கை என் தொடையில் ஒரு தட்டு தட்டி என்னை நிறுத்தினாள். கைப்பேசியை எடுத்து மேசை மேல் சாய்த்து வைத்தாள், புருஷனைக் கூப்பிட்டாள். லங்காவியில் சமையல்காரத் தொப்பியோடு அவர் முகம் பளிச்சென்று வந்தது. இருவரும் பேசினார்கள். கைகள் நிற்காமல் ஓடின. அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தார். நன்றாகப் பேசுகிறார்களே என்று மெல்லச் சொன்னார்.

தங்கை அழைப்பை முடித்துவிட்டு எழுந்து நின்றாள். அப்புறம் அவள் செய்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். எங்கள் மேட்டை அப்படியே நடித்துக் காட்டினாள். மூச்சிரைக்க ஏறுகிறாள். கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு லைனைத் துரத்துகிறாள். பக்கத்தில் ஒரு கிழவி சிங்கப்பூர் மகனிடம் கத்துகிறாள். இன்னொருத்தி இவள் தோள் வழியாக எட்டிப் பார்க்கிறாள். படி கிடைக்கிறது. கைப்பேசியைச் சாய்த்து வைக்கிறாள். இப்போது அவள்தான் மாப்பிள்ளை. ஏதோ ஆசையாகச் சொல்ல வருகிறார், கை நெற்றிக்குப் போகிறது, வாய் பாதி திறந்தபடி உறைந்துவிட்டார். அப்படியே நின்றாள். கண்கூட இமைக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள், பக்கத்து மேசைக்காரர்களும் எழுந்து வந்து பார்த்துச் சிரித்தார்கள். அவள் அசையாமல் நிற்க நிற்கச் சிரிப்பு மெல்ல அடங்கியது. அந்தப் பெண் தன் கையை வாயில் வைத்துக்கொண்டார். நான் ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்கவில்லை.

பிறகுதான் கேட்டார், அப்படியானால் எங்கே வைத்து அளந்தார்கள் என்று. வடைக் கதையைச் சொன்னேன். அவர் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். மறுபடி ஆள் அனுப்பச் சொல்கிறேன் கக், இந்தத் தடவை அளந்து முடித்த பிறகு விருந்து வையுங்கள் என்றார்.

தோட்டத்தில் கூட்டம் போட்டோம். வருகிறவர்களை யாரும் மேட்டுக்கு அழைக்கக் கூடாது, வீட்டுக்கு வீடு கூட்டிப் போகவேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். தலைவர் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, "தண்ணியாச்சும் குடுக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். கொடுக்கலாம் என்றேன். இந்த முறை நான் முன்னதாகவே லீவு வாங்கி வைத்துக்கொண்டேன். அவரைத் தனியாக விட நான் தயாராக இல்லை.

வந்தவர் ஒரு சீன இன்ஜினியர், கூட ஒரு மலாய் டிரைவர். இன்ஜினியர் கருவியை எடுத்துக்கொண்டு முதல் வரிசை வீடுகளில் ஆரம்பித்தார். கூடத்தில் வைத்தார், சமையலறையில் வைத்தார், கொல்லைப்புறத்தில் வைத்தார். ஒன்றும் வரவில்லை. எனக்கு உள்ளே குதிக்க வேண்டும் போல இருந்தது. லைன் இல்லை என்று ஒருவர் சொல்லக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

எங்கள் வீட்டு வாசலில்தான் சோதனை வந்தது. டிரைவர் தன் கைப்பேசியை எடுத்து மேலே தூக்கிப் பார்த்தார், கீழே இறக்கிப் பார்த்தார். என்ன என்றேன். மனைவி இன்றைக்கு மருத்துவரைப் பார்க்கப் போயிருக்கிறாள், என்ன சொன்னார்கள் என்று கேட்கவேண்டும் என்றார். தலைவரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. உதடு துடித்தது. கை தானாக மேட்டுப் பக்கம் எழுந்தது. வீடு தேடி வந்த மனுஷன் பெண்டாட்டியிடம் பேச முடியாமல் நிற்கிறார், லைன் அந்தா கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். எனக்கே மனசு கேட்கவில்லை.

"நீங்க அவர கூட்டிட்டுப் போங்கண்ணே, போயி பேசட்டும். அளக்குறவர் இங்க இருக்கட்டும்."

தலைவர் அந்த டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினார். இன்ஜினியர் என்னிடம் திரும்பினார். முன்பு வந்தவர்கள் நல்ல லைன் என்று சொல்லியிருந்தார்களே, அது எங்கே என்று கேட்டார். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. மேட்டைக் காட்டி மலாயில் சொன்னேன்.

"அங்க இருக்கு சார். ஆனா அங்க யாரும் குடியிருக்கல."

அவர் மேட்டைப் பார்த்தார், வீட்டு வரிசைகளைப் பார்த்தார். தலையாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். கடைசி வீடுவரை ஒன்றையும் விடாமல் பார்த்தார். அதற்குப் பிறகுதான் வடை வெளியே வந்தது. டிரைவர் மேட்டிலிருந்து பல்லெல்லாம் தெரிய இறங்கி வந்தார். எல்லாம் நல்ல செய்தியாம். தலைவர் தனக்கே பேரன் பிறக்கப் போவது போலப் பூரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை நல்ல செய்தி எங்களுக்கு வந்தது. அப்புறம் லாரிகள் வந்தன. தோட்டத்து எல்லையில் மண்ணைத் தோண்டி, சிமெண்டுப் போட்டு, இரும்பை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினார்கள். மழை பெய்து வேலை நின்ற நாளிலெல்லாம் நான் வானத்தைத் திட்டினேன். தங்கை தையல் இயந்திரத்தைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். பிரித்து அடுக்கிய துணிகள் அலமாரியில் அப்படியே இருந்தன. அவற்றைத் தைப்பதா, திருப்பிக் கொடுப்பதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. மாப்பிள்ளை கோலா கெடாவில் அறை பார்த்து வைத்துவிட்டார். தீபாவளியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

கோபுரம் நின்றது. ஆனால் சும்மா நின்றது. இந்த வாரம் திறந்துவிடுவோம் என்று வேலையாட்கள் சொன்னார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, இன்றைக்கு வந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். லைன் வருவதைப் பார்க்க ஊரே கிளம்பிவிட்டது. எங்கே? மேட்டுக்குத்தான். நானும் பையைக்கூட வைக்காமல் அவர்களோடு ஏறினேன். தங்கை வரவில்லை, அவசரத் தையல் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். மேட்டில் எல்லாரும் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். லைன் எப்போதும் போல இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தலைவர் மேல்படியில் ஏறி நின்று பார்த்துவிட்டு, "ஒண்ணும் புதுசா தெரியலையே" என்றார். வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. பெண்கள் முணுமுணுத்தார்கள். ஏமாந்துவிட்டோம் என்று எனக்குக் கோபம் வந்தது. விறுவிறுவென்று கீழே இறங்கினேன்.

கோயிலைத் தாண்டியதும் என் பைக்குள் ஏதோ துடித்தது. கைப்பேசி. அந்த இடத்தில் அது ஒருநாளும் துடித்தது கிடையாது. எடுத்துப் பார்த்தேன். மேட்டில் இருந்த அதே அளவு லைன் கோயில் வாசலிலும் நின்றது. நாலு எட்டு நடந்து பார்த்தேன். இருந்தது. தண்ணீர்த் தொட்டியடியில் இருந்தது. முதல் வரிசை வீட்டு வாசலில் இருந்தது. எப்போதும் லைன் இருக்கிற ஒரே இடத்தில் ஏறி நின்றுகொண்டு லைன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்!

"வந்துருச்சு! எறங்கி வாங்க! கீழ வந்துருச்சு!" என்று கத்தினேன். மேட்டிலிருந்து ஜனம் உருண்டு வந்தது. செருப்பு கழன்றவர்கள் அதை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அவரவர் வீட்டு வாசலில் நின்று அவரவர் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். எல்லார் வாயிலும் ஒரே பேச்சு, "நான் வீட்டுல இருந்து பேசறேன், நான் வீட்டுல இருந்து பேசறேன்." தலைவர் தன் வாசலில் உட்கார்ந்துகொண்டு, எதிரே நின்ற என்னைக் கைப்பேசியில் கூப்பிட்டார். நான் எடுத்தேன். "தங்கச்சி, கேக்குதா?" என்றார். கேட்கிறது அண்ணே என்றேன். இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

தங்கையிடம் சொல்ல வேண்டும் என்று ஓடினேன். முன்னறையில் இயந்திரம் நின்றிருந்தது, துணி ஊசிக்கடியில் அப்படியே கிடந்தது. சமையலறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன்.

சீனி டப்பாவில் சாய்த்து வைத்த கைப்பேசிக்குள் மாப்பிள்ளை இருந்தார். முகம் தெளிவாக இருந்தது, கை எங்கும் நிற்கவில்லை. தங்கை அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லாமல் அப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை. தீபாவளி லீவை வேறு ஒருவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வேலை இருக்கிறது, வரமாட்டேன் என்று போன மாதம் மேட்டில் வைத்து என்னிடம் சொன்னாய் என்றாள் அவள் கையால். சுற்றி அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரில் நான் என்ன சொல்வது? சிரித்துக்கொண்டே சரி என்றேன். சரி இல்லை. எனக்குச் சரியே இல்லை. என்னை யார் கேட்டது? கோலா கெடாவில் அறை பார்த்தாயே, அதற்கு என்னைக் கேட்டாயா? கை மேசையில் இடித்தது. கண்ணில் தண்ணீர் ஓடியது, அதைத் துடைக்கக் கையை நிறுத்த அவளுக்கு மனமில்லை. அவர் ஏதோ சொல்ல வந்தார். இவள் விடவில்லை. அவர் இரண்டு கையையும் கூப்பினார். அப்போதும் இவள் விடவில்லை.

கல்யாணம் ஆனதிலிருந்து மேட்டில் இவர்கள் இருவரும் சிரித்த முகமாகவே பேசிக்கொண்டதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நல்ல ஜோடி, சண்டை சச்சரவே கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். இவ்வளவும் அவள் உள்ளேயே இருந்திருக்கிறது. எனக்கு நெஞ்சு வலித்தது. அந்த வலியை மீறி, கூரை ஏறிக் கூவலாம் போல ஒரு சந்தோஷம் வந்தது.

அவள் திரும்பினாள். வாசலில் நான் நிற்பதைப் பார்த்தாள். கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கையை வீசினாள்.

வெளியே போ. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.